ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்பது

வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய அறை இருக்கிறது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவையும் சாத்திக்கொள்வேன். அறையின் ஒரு முனையில், மரத்தாங்கியின் மேல், தொலைநோக்கிக்காக நான் தேய்க்கும், 200 மி.மீ. விட்டமுள்ள தடித்த வட்டக் கண்ணாடி ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதிலிருந்து 2400 மி.மீ. தள்ளி, மறுமுனையில், ஓர் ஊசித்துளை அளவு வெளிச்சமும் அதற்குப் பக்கத்தில் ஒரு சவர பிளேடும். கண்ணாடிக்கு இன்னும் அலுமினியப் பூச்சு போடவில்லை. விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் அது திருப்பி அனுப்பும். அது போதும். பிளேடின் ஓரத்தை ஒட்டிக் கண்ணை வைத்தால் கண்ணாடி முழுவதும் பௌர்ணமி நிலவாக ஒளிரும்.

இப்போது திருகை மெல்லத் திருப்பி, திரும்பி வரும் ஒளிக்குக் குறுக்கே பிளேடைக் கொண்டுவர வேண்டும். ஒளி புள்ளியாகக் குவியும் இடத்தில் பிளேடு வெட்டினால், அதுவரை தட்டையாகத் தெரிந்த நிலவின் மேல் நிழல்கள் எழும். மேடும் பள்ளமும் வரும். பக்கத்திலிருந்து சாய்வாக வெயில் விழும் மணல்வெளி போல, கண்ணாடியின் பரப்பிலுள்ள ஒவ்வொரு குறையும் மலையாகவும் பள்ளத்தாக்காகவும் தெரியும். கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டினால், உள்ளங்கையிலிருந்து கிளம்பும் சூடான காற்று அடுப்புப் புகை போலச் சுருண்டு மேலே போவதைப் பார்க்கலாம்.

முதல்முறை இதைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். பெருவிரலைக் கண்ணாடியின் மேல் ஒரு நிமிடம் அழுத்தி எடுத்துவிட்டு, மறுபடி பிளேடின் வழியே பார்க்கச் சொல்வேன். விரல் பட்ட இடம் ஒரு குன்றாகப் புடைத்திருக்கும். உடல் சூட்டில் கண்ணாடி அவ்வளவு விரிந்திருக்கிறது. சில நிமிடங்களில் குன்று மெல்ல அமிழ்ந்து காணாமல் போகும். நானே இதை முதல்முறை செய்து பார்த்த அன்றுதான், கண்ணாடி உயிருள்ள பொருள் மாதிரி மூச்சுவிடுவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த வேலையை என்னால் விட முடியவில்லை.

என் அப்பா கொத்தனார். வாணியம்பாடிப் பக்கத்தில் அவர் எழுப்பிய சுவர்கள் இன்றும் நேராக நிற்கின்றன. தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் ஆகியவை அவர் பையில் எப்போதும் இருக்கும். விடுமுறை நாட்களில் அவருடன் போவேன். புதிய வேலை தொடங்கும் நாளில் அவர் தவறாமல் ஒன்று செய்வார். ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு அதே இடத்தில் இடமும் வலமும் மாற்றித் திருப்பி வைப்பார். குமிழி இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் அந்த மட்டத்தைத் தொடுவார். பலகை சாய்ந்திருந்தால் குமிழி நகர்ந்த திசை, திருப்பி வைத்ததும் மட்டத்தின் மறுபக்கத்துக்கு மாறும். மட்டமே கோணலாக இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் தன் முனையோடு சேர்ந்தே போகும். அப்படித்தான் பழுது பலகையிலா மட்டத்திலா என்று பிரித்துவிடுவார். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அதற்கு எத்தனை பெரிய பொருள் உண்டு என்று புரிய இன்னும் முப்பது வருடம் ஆனது.

தொலைநோக்கிக் கண்ணாடியைக் கையால் தேய்த்துச் செய்யலாம் என்பதே பலருக்கு நம்ப முடியாத செய்தி. இரண்டு வட்டக் கண்ணாடிகளை எடுத்து, ஒன்றை ஒரு டிரம்மின் மேல் பொருத்தி, நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்ப்போம். ஐந்தாறு முறை தேய்த்ததும் டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகர்வோம், மேல் கண்ணாடியையும் சற்றுத் திருப்புவோம். இதையே நாள்கணக்கில் செய்தால் மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது புடைக்கும். எந்தத் திசையில் நகர்த்தினாலும், எப்படித் திருப்பினாலும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய வடிவம் கோளம் ஒன்றுதான் என்பதால், நாம் கணக்குப் போடாமலே கோளம் தானாக வந்து சேர்கிறது. அம்மியும் குழவியும் வருடக்கணக்கில் ஒன்றுக்கொன்று வடிவம் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஆச்சரியமாக இருக்கக் கூடாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

80 எண் தூளில் தொடங்கி, 120, 220, 400, 600 என்று நுண்மையாகிக்கொண்டே போவோம். கடைசியில் கீலை (தார் போன்ற பிசினை) உருக்கி அடிக்கண்ணாடியின் மேல் ஊற்றி, அது இறுகும் முன் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, சீரியம் ஆக்சைடு குழம்பு தடவி மெருகேற்ற வேண்டும். கீலின் பதம்தான் இந்தத் தொழிலின் பாதி. பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தழும்பு விழ வேண்டும், ஆனால் நகம் அமிழக் கூடாது. மே மாதத்தில் எங்கள் ஊரில் கீல் நிற்காது, வழிந்துவிடும். ஆகவே கண்ணாடி வேலையைக் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் முடித்துக்கொள்வது என் வழக்கம்.

கோளம் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. விண்மீனின் ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் சேர்க்கக் கோளத்தால் முடியாது. ஓரத்தில் விழுந்த ஒளி ஓரிடத்திலும் நடுவில் விழுந்தது வேறிடத்திலும் குவியும். இதைக் கோளப் பிறழ்ச்சி என்பார்கள். பிம்பம் கூர்மையாக இருக்க வேண்டுமென்றால் கோளத்தைப் பரவளையமாக, அதாவது நடுவைவிட ஓரம் சற்றுக் குறைவாக வளைந்த வடிவமாக, மாற்ற வேண்டும். என் 200 மி.மீ. கண்ணாடியின் குவியத்தொலைவு 1200 மி.மீ. இந்த அளவுக்குக் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் ஓரத்தில் உள்ள வித்தியாசம் 0.9 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுகூட முழுதாக இல்லை. அந்த அளவுக் கண்ணாடியைக் கையால், கீலால், இடம் பார்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். எடுத்தது சரிதானா என்று அளக்கவும் வேண்டும்.

அளக்கும் வழியைக் கொடுத்தவர் பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய லியோன் ஃபூக்கோ. பூமி சுழல்வதை ஊசல் கட்டிக் காட்டிய அதே மனிதர். அதற்கு ஏழு வருடம் கழித்து, 1858-இல், கத்திமுனைச் சோதனையை அறிவித்தார். அதுவரை தொலைநோக்கிக் கண்ணாடி செய்கிறவர்கள் தேய்ப்பார்கள், விண்மீனைப் பார்ப்பார்கள், பிம்பம் சரியில்லையென்றால் மறுபடி தேய்ப்பார்கள். பரப்பில் எந்த இடத்தில் பழுது என்று பிம்பம் நேராகச் சொல்லாது. ஒளி விளக்கும் ஒரு கத்தியின் விளிம்பும் கொண்டு ஃபூக்கோ பழுது இருக்கும் இடத்தையே கண்ணில் காட்டினார். எங்கே மேடோ அங்கே மட்டும் தேய்த்தார். பெரிய ஆய்வகம் எதுவும் தேவைப்படாத, ஒரு ரூபாய் பிளேடால் சில பத்து நானோமீட்டர் மேடுபள்ளத்தைக் காட்டும் சோதனை அது. மனிதன் கண்டுபிடித்த கருவிகளில் செலவுக்கும் பயனுக்கும் இத்தனை தூரம் உள்ளது வேறு ஒன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நிழலைப் பார்ப்பது ஒரு பங்கு, எண்ணால் அளப்பது மறு பங்கு. அட்டையில் வளையம் வளையமாக ஜன்னல் வெட்டிக் கண்ணாடிமேல் மாட்டி, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒளி எங்கே குவிகிறது என்று பிளேடை முன்பின் நகர்த்திக் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கு விண்மீன் போல வெகுதொலைவில் இல்லாமல், கண்ணாடியின் வளைவு மையத்தில், 2400 மி.மீ. தள்ளி இருப்பதால், கோளமாக இருந்தால் எல்லா வளையமும் ஒரே இடத்தைக் காட்டும். பரவளையத்தில் வெளி வளையங்கள் பின்னால் தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போக வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது. வளையத்தின் ஆரத்தை வர்க்கப்படுத்தி, கண்ணாடியின் வளைவு ஆரத்தால் வகுக்க வேண்டும். என் கண்ணாடியில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே அது 4.17 மி.மீ.

நான் மூன்று வாரம் இரவு உணவுக்குப் பின் அந்த 4.17-ஐத் துரத்தினேன். பதினைந்து நிமிடம் மெருகு, பிறகு கண்ணாடி ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம், பிறகு அளவு. சூடு தணியாமல் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது என்பதை விரல் குன்று கற்றுக்கொடுத்திருந்தது. ஒவ்வொரு வளையத்தையும் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தேன். கடைசி இரவில் எல்லா வளையமும் கணக்கோடு ஒட்டி நின்றது. எண்களை வரைபடமாக்கிச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

இடையில் ஒரு சிறு உறுத்தல் வந்தது. அதையும் எழுத வேண்டும். ரோங்கி சோதனை என்று ஒன்று உண்டு. 1923-இல் இத்தாலியின் வாஸ்கோ ரோங்கி அறிவித்தது. பிளேடுக்குப் பதிலாக நெருக்கமான கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு துண்டு ஃபிலிமை வைத்துப் பார்த்தால், கண்ணாடியின் மேல் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். கோளத்தில் அவை நேராக இருக்கும், பரவளையத்தில் அளவாக வளையும். என்னிடம் இருந்தது அச்சுக்கடையில் எடுத்த ஃபிலிம். அதன் வழியே பார்த்தபோது, இருக்க வேண்டியதைவிடக் கோடுகள் அதிகமாக வளைந்திருந்தன. நான் கண்ணாடியைச் சந்தேகிக்கவில்லை. அச்சு சரியில்லை என்று முடிவு கட்டினேன். பிளேடு சோதனை நுட்பமானது, எண்ணோடு பேசுவது, ஃபிலிம் சுமாரானது, கண் மதிப்பீடு. நுட்பமானதை நம்புவதுதானே முறை என்று நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு தெளிந்த இரவு. பூச்சு போடாத கண்ணாடியைக் குழாயில் பொருத்தி மாடிக்குக் கொண்டுபோனேன். இந்தச் சோதனைக்குத் துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள், அது நகராது என்று புத்தகங்கள் சொல்லும். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை, புழுதிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும். நான் ரோகிணியைப் பிடித்தேன். குவியத்துக்கு உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் என்று கண்ணருகு லென்ஸை நகர்த்தினால், விண்மீன் விரிந்து வட்டங்களாகும். நல்ல கண்ணாடியில் இரண்டு பக்கமும் வட்டங்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனக்கு வெளிப்பக்கத்தில் ஓரம் பளிச்சென்று கத்தி வெட்டியது போல் இருந்தது, உள்பக்கத்தில் ஓரம் பஞ்சாகக் கரைந்திருந்தது. குவியத்தில் வைத்தபோது கூரான புள்ளி வரவில்லை. ரோகிணியைச் சுற்றி ஒரு மங்கலான ஒளிக்கூடு நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்றின் குற்றம் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. காற்று அன்று அசையவே இல்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. என் சோதனைத் தாங்கியில் விளக்கும் பிளேடும் ஒரே பலகையில் இருந்தன. திருகைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து நகரும். நான் எடுத்த சூத்திரமோ விளக்கு அசையாமல் நிற்க, பிளேடு மட்டும் நகரும் தாங்கிக்கு உரியது. விளக்கும் சேர்ந்து நகர்ந்தால் வர வேண்டிய எண் அதில் சரிபாதி, அதாவது 2.08 மி.மீ. நான் 4.17-க்குக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு மடங்கு தேய்த்திருக்கிறேன். பரவளையத்தைத் தாண்டி அதிபரவளையத்துக்குள் போய்விட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தொடக்கத்தில் இருந்த கோளம் எவ்வளவு தப்போ, மூன்று வாரம் கழித்து எதிர்ப்பக்கத்தில் மிகச் சரியாக அவ்வளவே தப்பு. ஒவ்வொரு வளையமும் அந்தத் தப்பான கணக்கோடு பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக ஒட்டியிருந்தது. கண்ணாடி நான் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டது. கேட்டதுதான் தப்பு.

அச்சுக்கடை ஃபிலிம் உண்மையைச் சொல்லியிருந்தது.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தது ஹபிள். 1990 ஏப்ரல் 24-இல் விண்ணில் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.4 மீட்டர். இரண்டே மாதத்தில், ஜூன் 27 அன்று, அதில் கோளப் பிறழ்ச்சி இருக்கிறது என்று நாசா அறிவித்தது. ஓரம் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகியிருந்தது. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. இந்தக் கதையை முன்பும் படித்திருக்கிறேன். அப்போதெல்லாம், இவ்வளவு பெரிய இடத்தில் இப்படி அலட்சியமா என்றுதான் தோன்றியது. என் கண்ணாடிக்குப் பிறகு அதை மறுபடி படித்தபோது வேறு மாதிரி இருந்தது.

ஆடியைச் செய்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரியில் இருந்த பெர்க்கின்-எல்மர் நிறுவனம். அத்தனை பெரிய, அத்தனை ஆழமான ஆடியை நேரடியாகச் சோதிப்பது கடினம். ஆகவே ஓர் ஈடுகட்டும் கருவியைக் கட்டினார்கள். இரண்டு சிறு ஆடிகளும் ஒரு லென்ஸும் அதில் இருக்கும். முதன்மை ஆடி சரியான வடிவத்துக்கு வந்துவிட்டால், இந்தக் கருவி வழியே பார்க்கும்போது அது குறையற்ற கோளம் போலத் தெரியும், ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் குறுக்கீட்டுக் கோடுகள் நேராக நிற்கும். கருவியின் பாகங்களுக்கு இடையிலான தூரத்தை, வெப்பத்தில் அதிகம் விரியாத இன்வார் என்ற உலோகக் கலவையில் செய்த அளவுகோலால் சரிசெய்தார்கள். கோலின் முனையில் ஒரு மூடி. மூடியில் ஒரு சிறு துளை. அந்தத் துளை வழியே ஒளி போய்க் கோலின் முனையில் பட்டுத் திரும்ப வேண்டும். மூடிமேல் ஒளி பட்டால் திரும்பாதிருக்கக் கறுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு துளைக்கு அருகில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. ஒளி கோலில் படாமல், பூச்சு உதிர்ந்த மூடியில் பட்டுத் திரும்பியது. லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி அமர்ந்தது.

இதில் என்னை உலுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தத் தப்பான இடத்துக்கு லென்ஸை நகர்த்தக் கருவியில் இடம் போதவில்லை. வடிவமைத்தபடி எல்லாம் சரியாக இருந்தால் இடம் போதாமல் போக வாய்ப்பே இல்லை. பொருள் தானே வாய் திறந்து சொன்னது மாதிரி அது. ஏன் இடிக்கிறது என்று கேட்காமல், சாதாரண வாஷர்களை இடையில் வைத்து லென்ஸைத் தேவையான இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுவர் மட்டத்துக்கு வரவில்லையென்றால் இடையில் ஓட்டுச்சில்லு சொருகுகிற கொத்தனாரை அப்பா வேலைக்குச் சேர்க்க மாட்டார்.

பிறகு வேறு இரண்டு சோதனைகள் நடந்தன. லென்ஸுகளால் மட்டும் ஆன இன்னொரு ஈடுகட்டும் கருவியால் ஆடியைப் பார்த்தபோது கோளப் பிறழ்ச்சி தெரிந்தது. முதல் கருவியையே சரிபார்ப்பதற்காகச் செய்த மற்றொன்றும் கோணலைக் காட்டியது. இரண்டும் முதல் கருவி அளவுக்கு நுட்பமானவை இல்லை, தவறு அவற்றில்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1981-இல் ஆடி மெருகேற்றி முடிந்தது. முழுத் தொலைநோக்கியையும் சேர்த்து வைத்துத் தரையில் ஒரு சோதனை செய்யவில்லை. செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள்.

லூ ஆலன் தலைமையிலான விசாரணைக் குழு 1990 கடைசியில் தந்த அறிக்கையில் இவையெல்லாம் இருக்கின்றன. டான்பரியில் அந்த ஈடுகட்டும் கருவி கலைக்கப்படாமல் அப்படியே இருந்தது. போய் அளந்தார்கள். 1.3 மி.மீ. அங்கேயே இருந்தது. பிழை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்ததால்தான் மாற்றும் செய்ய முடிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், அதே அளவு பிழையை எதிர்த்திசையில் சுமந்த சிறு ஆடிகளைக் கொண்ட கருவிகளைப் பொருத்தினார்கள். பிம்பம் கூர்மையானது. ஆடி தப்பான வடிவம்தான், ஆனால் அந்தத் தப்பான வடிவத்தில் அது அவ்வளவு சுத்தம். ஏனோதானோ என்று தேய்த்த ஆடியாக இருந்திருந்தால் எந்தக் கண்ணாடி போட்டும் திருத்தியிருக்க முடியாது. அந்தத் தொழிலாளர்களின் கைக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

அவர்கள் அலட்சியமானவர்கள் என்று இனி நான் சொல்ல மாட்டேன். மிகுந்த கவனம் உள்ளவர்களுக்கு வரும் பிழை இது. ஒரு கருவியை உயிரைக் கொடுத்து நுட்பமாகக் கட்டியவனுக்கு, மலிவான கருவி அதை மறுக்கும்போது காது கேட்பதில்லை. நுட்பம் வேறு, உண்மை வேறு. என் பிளேடு பத்தில் ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தில் பொய் சொன்னது. ஃபிலிம் கலங்கலாக உண்மை சொன்னது. ஒன்றை ஒன்று சாராத இரண்டு சுமாரான சோதனைகள் ஒத்துப்போவதை, மிக நுட்பமான ஒற்றைச் சோதனையைவிட நான் இப்போது அதிகம் மதிக்கிறேன். அவை ஒத்துப்போகாவிட்டால், காரணம் தெரியும்வரை கீலைத் தொடுவதில்லை.

அப்பாவின் ரசமட்டம் இந்தத் தொழில் முழுவதும் நிறைந்திருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். கண்ணாடி நீள்வட்டமாகக் கோணியிருப்பது போல் சோதனையில் தெரிந்தால், அதைத் தாங்கியிலேயே 90 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். கோணலும் கூடவே திரும்பினால் பழுது கண்ணாடியில். கோணல் பழைய இடத்திலேயே நின்றால் தாங்கி கண்ணாடியை எங்கேயோ நெரிக்கிறது. ரசமட்டத்துக்கும் இதுவேதான். சமதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளம் என்று நிரூபிக்க ஏற்கெனவே ஒரு சமதளம் வேண்டுமே, முதல் சமதளம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் பரப்பிய முறை, மூன்று தகடுகள். இரண்டை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும்கூடப் பொருந்திவிடும், என் இரண்டு கண்ணாடிகளைப் போல. மூன்று தகடுகள், எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்துகின்றன என்றால் மூன்றும் சமதளமாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளியிலிருந்து ஓர் அளவுகோலும் தேவைப்படவில்லை.

இன்னொரு வழி தண்ணீர். ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு அசையாத தண்ணீரின் பரப்பையே அளவுகோலாக வைத்துக் கண்ணாடியின் சமதளத்தைச் சோதித்தார். தண்ணீரும் பூமியைப் போல வளைந்ததுதான், ஆனால் 300 மி.மீ. அகலத்துக்கு அந்த வளைவு 2 நானோமீட்டரைக்கூட எட்டாது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அப்பாவின் டியூப் மட்டத்தை நினைத்துக்கொண்டேன். இரண்டு மூலைத் தூண்களுக்கு இடையே தண்ணீர் நிரம்பிய குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவன் நான்தான்.

லென்ஸ் விஷயத்தில் திருப்பிப் பார்ப்பது இன்னும் அழகானது. ஒரு லென்ஸுக்கு இரண்டு வளைந்த பரப்புகள், ஆகவே இரண்டு வளைவு மையங்கள். அவற்றைச் சேர்க்கும் கோடுதான் அதன் உண்மையான அச்சு. லென்ஸின் வெளிவட்டம் அந்த அச்சோடு ஒத்து வராவிட்டால், ஒவ்வொரு பரப்பும் குறையில்லாமல் இருந்தும் பிம்பம் ஒரு பக்கம் வால் விடும். பழைய பட்டறைகளில், சுழலும் பித்தளைக் குழலின் வாயில் சூடான கீலால் லென்ஸை ஒட்டி, எதிரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, குழலைச் சுழற்றுவார்கள். லென்ஸில் தெரியும் சுடரின் பிம்பம் ஆடினால் மையம் விலகியிருக்கிறது. கீல் இளகியிருக்கும்போதே குச்சியால் மெல்லத் தள்ளி, சுடர் அசையாமல் நின்றதும் ஆறவிட்டு, பிறகு வெளிவட்டத்தைச் சுற்றிலும் அரைத்துச் சரியாக்குவார்கள். இன்று மெழுகுவத்தி இருந்த இடத்தில் லேசரும் நுண்ணோக்கியும், பித்தளைக் குழல் இருந்த இடத்தில் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் சுழலும் மேசையும் இருக்கின்றன. ஒளியை ஒரு பரப்பின் வளைவு மையத்தில் குவித்தால் அது வந்த வழியே திரும்பும். மேசையைச் சுழற்றும்போது திரும்பி வரும் புள்ளி ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் அளவே பிழையின் அளவு. சுடர் ஆடாமல் நிற்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

காவலூரைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், ஜவ்வாது மலையில் ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி வெளிநாட்டில் மெருகேற்றி வந்தது இல்லை. பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில், ஏ.பி. ஜெயராஜன் என்ற ஒளியியல் வல்லுநரின் பொறுப்பில் தேய்த்து, மெருகேற்றி, சோதித்துச் செய்தது. திட்டத்தைத் தொடங்கிய வைணு பாப்பு 1982-இல் காலமானார். தொலைநோக்கி 1986 ஜனவரியில் அவர் பெயரைத் தாங்கித் திறக்கப்பட்டது. சிறுவனாக அதன் அடியில் நின்றபோது அளவு மட்டும்தான் கண்ணில் பட்டது. என் கண்ணாடி கெட்ட பிறகு அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதன் முதன்மைக் குவியத்தொலைவு ஏறக்குறைய 7.6 மீட்டர். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் ஓரத்தில் உள்ள வித்தியாசம் 60 மைக்ரானுக்கு மேல் வருகிறது, என்னுடையதைப் போல எழுபது மடங்குக்கும் அதிகம். பரப்போ நூறு மடங்குக்கும் அதிகம். ஆனால் அனுமதிக்கப்படும் பிழை எனக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு. ஒளிக்குச் சிறிய ஆடி, பெரிய ஆடி என்ற பாகுபாடு கிடையாது. அந்தப் பட்டறையில் எத்தனை இரவுகள் கண்ணாடி ஆறுவதற்காகக் காத்திருந்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். தொலைநோக்கி கண்டுபிடித்ததைச் செய்தித்தாளில் படிக்கிறோம். ஆடியைத் தேய்த்தவர்களின் பெயர் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் தெரியாமல் இருக்கிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

என் கண்ணாடியைக் கோளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். புதிதாகக் கீல் ஊற்றி, நீண்ட சீரான வீச்சில் தேய்த்து, நிழல் மறுபடி தட்டையாகும்வரை. அதற்கு ஐந்து இரவு. பிறகு பரவளையத்துக்கு மெல்ல மெல்ல. இந்த முறை பிளேடும் ஃபிலிமும் இரண்டும் ஒத்துக்கொண்டால் மட்டுமே அடுத்த பதினைந்து நிமிட மெருகு. கண்ணாடியின் பின்புறத்தில் நான்கு திசைக்கும் குறி போட்டு, ஒவ்வொரு அளவுக்கும் திருப்பி வைத்தேன். 2.08-க்கு நெருங்கி வந்தபோது நிறுத்திவிட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது சாட்சியாக மறுபடி ரோகிணி. உள்ளேயும் வெளியேயும் வட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. அதற்குப் பிறகுதான் பூச்சுக்கு அனுப்பினேன்.

பூச்சு போட்டு வந்த கண்ணாடியைக் குழாயில் பொருத்தும்போது அப்பா பக்கத்தில் இருந்தார். எழுபத்தைந்து வயது, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கண்ணாடியின் மையத்தில் ஒரு சிறு வளையம் ஒட்டியிருப்பேன். மேலே இருக்கும் சாய்வான சிறு ஆடி, அதில் தெரியும் பெரிய ஆடி, அதில் தெரியும் சிறு ஆடியின் பிம்பம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் வரும்படி அடியிலுள்ள மூன்று திருகுகளைத் திருப்ப வேண்டும். நான் மேலே, மையம் பார்க்கும் சிறு குழலில் கண்ணை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அப்பா கீழே உட்கார்ந்து திருகைத் திருப்பினார். கால் சுற்று, நிறுத்துங்கள், கொஞ்சம் பின்னால். தூண் கட்டும்போது அவர் மேலே நின்று சொல்ல நான் கீழே தூக்குக்குண்டைப் பிடித்த அதே வேலை, இடம் மட்டும் மாறியிருந்தது. முடிந்ததும் அவர், நான் மையம் பார்த்த குழலை அதன் வாயிலேயே அரைச்சுற்று திருப்பி, இப்போதும் சரியாக இருக்கிறதா பார் என்றார். பார்த்தேன். வளையம் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. குழல் கொஞ்சம் கோணல். விலகியதில் பாதியைத் திருகிலும், மீதிப் பாதியைக் குழலிலும் எடுத்தோம்.

சோதனைத் தாங்கி இப்போது பின்கட்டில் இல்லை. கண்ணாடி தேய்க்கத் தொடங்கியிருக்கும் இரண்டு பிள்ளைகள் வாங்கிப்போயிருக்கிறார்கள். கொடுக்கும் முன் பலகையின் மேல், பிளேடுக்கு நேர் கீழே, கறுப்பு பெயிண்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'இதில் விளக்கும் சேர்ந்து நகரும். பாதி எடுக்கவும்.'